தொட வேண்டாம் என்றவர்

"தாயி, நேத்து மத்தியானம் நான் கிளம்பிட்டனுங்க. இந்தப் பொங்கியண்ணன் காலைத் தொட்டுக் கெடுத்துப்போட்டான்."

பாவாத்தாள் தாயி கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். சொறிவதை நிறுத்தவில்லை.

"எங்கீங்கண்ணா கிளம்புனீங்க?"

"உடம்பை விட்டு வெளியேங்க."

"ஓ" என்றார் தாயி.

கன்று கழுத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. தாயி அந்தப் பக்கமும் சொறிந்தார்.

புகார் சொன்னவர் சென்னியப்பன். வயது அறுபதை ஒட்டி. பத்து விசைத்தறி ஓட்டிய மனிதர். தறிகளை விற்றுவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து இது இரண்டாவது கோடை. தாயிக்கு இன்னும் நாற்பது முடியவில்லை. அதனால் குரு சீடரை அண்ணா என்பார், சீடர் குருவைத் தாயி என்பார். வருகிறவர்களுக்குத்தான் இது குழப்பம். மடத்தில் யாருக்கும் இல்லை.

மடம் என்றால் கோபுரமும் கொடிமரமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு மாட்டுக்கொட்டகை, சுற்றிலும் கடலைக்காடு. அவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதலில் விழிப்பவர் தாயிதான். அவர் வந்து, வரிசையில் முதலில் படுத்திருப்பவரின் கால் கட்டைவிரலைத் தொடுவார். அவர் எழுந்து அடுத்தவரின் விரலைத் தொடுவார். அவர் அடுத்தவருடையதை. இப்படியே வரிசை முழுக்க எழுந்துவிடும். மணி கிடையாது, கூப்பாடு கிடையாது. முன்னொரு காலத்தில் மணி இருந்ததாம். அதை அடித்தால் மாடுகள் தவிடு வருகிறது என்று நினைத்துக் கயிற்றை அறுத்தனவாம். தாயியின் குரு மணியைக் கழற்றிக் பக்கத்துத் தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்.

புதிதாக வருபவர்கள் பதறுவார்கள். குரு நம் காலைத் தொடுவதா, பாவமில்லையா என்பார்கள்.

"அப்ப மண்டையில கொட்டட்டுமா?" என்று தாயி கேட்பார்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஆண்கள் வரிசையில் கடைசி ஆள் சென்னியப்பன். அவருக்கு முந்தியவர் பொங்கியண்ணன். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எந்நேரமும் செல்போன். அதில் யாராவது ஒரு சாமியார் பேசிக்கொண்டே இருப்பார்.

*

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் தாயி.

சென்னியப்பன் கொட்டகைக் கல்லில் உட்கார்ந்தார்.

"தூக்கத்துல திடீர்னு முழிப்பு வந்துருதுங்க. கண்ணு தெரியுது. மேல விட்டம் தெரியுது, விட்டத்துல குருவிக்கூடு தெரியுது. பக்கத்துல பொங்கியண்ணன் குறட்டை கேக்குது. ஆனா கைகால் நம்ம பேச்சைக் கேக்கறதில்லைங்க. நெஞ்சு மேல ஒருத்தன் ஏறிக் குத்தவெச்ச மாதிரி பாரம். கத்தலாம்னா வாய் வர்றதில்லை."

"பயமா இருக்குமா?"

"மொதல்ல உசுரே போயிரும்ங்க. சின்ன வயசுல இதை அமுக்குவான்னு சொல்லுவாங்க. தலைமாட்டுல ஒரு இரும்புத் துண்டை வெச்சுப் படுக்கச் சொல்லுவாங்க. வெச்சுப் பாத்தேன். அமுக்குவானும் வந்தான், கழுத்துச் சுளுக்கும் வந்துச்சு."

தாயி சிரித்தார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனனுங்க. மனசு முழிச்சுக்கிச்சு, உடம்பு இன்னும் முழிக்கலை, அவ்வளவுதான், பயப்படாதீங்கன்னுட்டாரு. ஒரு மாத்திரைகூட எழுதலை."

மாத்திரை எழுதாத டாக்டர் மேல் சென்னியப்பனுக்கு மதிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய சங்கதிக்கு இவ்வளவு சின்ன பதிலா என்று வருத்தமாகக்கூட இருந்தது.

விளக்கம் கொடுத்தவர் பொங்கியண்ணன்தான். அதுவும் சின்ன விளக்கமில்லை.

"மாப்ளே, அது பேயில்ல, வாசப்படி!" என்றார் அவர். "உனக்குள்ள இருக்கற சூட்சும உடம்பு வெளிய போறதுக்கு எந்திரிக்குது. அதான் பருவுடம்பு பூட்டிக்குது. நீ பயந்து உதறுனா வாசல் மூடிக்கும். பயப்படாம கெடந்தீன்னு வெய்யி, அப்படியே மேல எந்திரிச்சுப் போயிடலாம். ஊர் உலகமெல்லாம் சுத்தலாம். தொப்புள்ல ஒரு வெள்ளிக் கயிறு கட்டியிருக்கும். அதைப் புடிச்சுத் திரும்பி வந்துக்கலாம்."

இதைக் கேட்ட நாளிலிருந்து சென்னியப்பனுக்கு அமுக்குவான் மேல் இருந்த பயம் போய், ஆசை வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்து, வா வா என்று காத்துக் கிடந்தார். நேற்று வந்தான்.

"நேத்து பயப்படலைங்க தாயி. சும்மா கெடந்தேன். காதுல ங்ஙொய்னு ஒரு சத்தம். உடம்பு லேசாயிருச்சு. அப்படியே எந்திரிக்கிறேன். குருவிக்கூட்டுக்கிட்டப் போயிட்டேன். கீழ பாத்தா நானே படுத்திருக்கேன், வாயைப் பொளந்துக்கிட்டு. அப்பத்தான் இவன் வெரலைத் தொட்டான். பொத்துனு விழுந்துட்டேன்."

"கூட்டுல குஞ்சு இருந்துச்சா?"

"எங்கீங்க?"

"குருவிக்கூட்டுல."

சென்னியப்பன் யோசித்தார். "பாக்கலைங்க."

"அவ்வளவு தூரம் போயும் பாக்கலையா" என்றார் தாயி. கன்றை அவிழ்த்துத் தாய்ப்பசுவிடம் விட்டார்.

*

பால் கறந்து முடியும்வரை சென்னியப்பன் அங்கேயே நின்றார். போக மனமில்லை.

"சரி, உடம்பை விட்டுட்டு எங்க போகோணும்னு இருக்கறீங்க? கைலாசமா?"

"இல்லீங்க."

"பின்னே?"

"கரூர்ங்க."

தாயி நிமிர்ந்து பார்த்தார். "கரூருக்குப் பஸ் இருக்குதுங்களே."

"பஸ்ஸுல போகக் கூடாதுங்க தாயி."

"ஏனுங்க?"

"வராதீங்கன்னு சொல்லிப்போட்டா."

அவள் பெயர் கோகிலவாணி. சென்னியப்பனின் ஒரே மகள். ஐந்தாவது படிக்கும்போது தாய் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்ததும், ரெட்டைச் சடை பின்னியதும், ரிப்பன் கட்டியதும் தறிக்காரரின் இந்தக் கைதான். வளர்ந்து, தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். அவர் தடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவும் இல்லை. அன்றைக்கு முழுநாளும் தறியை ஓட்டினார்.

குழந்தை பிறந்ததாகச் சேதி வந்தபோது தாங்க முடியவில்லை. பத்தியச் சாப்பாடு செய்து தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அறை வாசலில் நிற்கும்போதே மகள் பார்த்துவிட்டாள். அப்போது வராதவர் இப்போது எதற்கு வந்தீர்கள், இனிமேல் என்னைப் பார்க்க வராதீர்கள் என்று ஒரே மூச்சில் கத்தினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் தூக்குப்போசியை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். பேரனின் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சைத் துணி மூட்டை ஒன்று தொட்டிலில் தெரிந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பேரன்.

"எத்தனை நாளாச்சுங்க?" என்று தாயி கேட்டார்.

"நாலு வருசம் ஆகுதுங்க. கரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தரம் போயிட்டேன். அங்கிருந்து திரும்பிட்டேன். அவ ஒரு சொல்லுச் சொல்லிட்டா. நான் அதை மீறுனவன் இல்லைங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

"உடம்போட போனாத்தானுங்க வந்த மாதிரி ஆகும்? உடம்பை இங்க போட்டுட்டுப் போனா, அவ சொல்லும் நிக்கும், நானும் பாத்துக்குவேன். அவ கண்ணுக்குத் தெரியப்போறதில்லை. பையனை ஒருக்கா பாத்துட்டு வந்துருவேன்."

"பாத்து?"

"பாத்தாப் போதும்ங்க."

"தூக்கோணும்னு தோணுச்சுன்னா, எதை வெச்சுத் தூக்குவீங்க?"

சென்னியப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். பிறகு பிடிவாதமாகச் சொன்னார்.

"பாத்தாப் போதும்ங்க தாயி. ஒரே ஒரு உதவி பண்ணுங்க. என்ற காலை மட்டும் யாரும் தொடக் கூடாது. தொட்டா அந்த வெள்ளிக் கயிறு அந்துபோகுமாம். பொங்கியண்ணன் சொல்றான்."

"நேத்துத் தொட்டவரே அவர்தானுங்களே."

"அப்ப அவனுக்குத் தெரியாதாம். ராத்திரிதான் அடுத்த வீடியோ பாத்தானாம்."

*

அன்று சாயங்காலம் தாயி எல்லோரையும் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள்.

"அண்ணன் ஒண்ணு கேக்கறாரு. அவரே சொல்லட்டும்."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "மத்தியானம் நான் படுத்திருக்கறப்ப யாரும் என்னைத் தொடக் கூடாதுங்க."

"எவ்வளவு நேரமானாலுமா?" என்று தாயி கேட்டார்.

"எவ்வளவு நேரமானாலும்ங்க."

"பார்க்கறதுக்குப் பாவமா இருந்தாலும்?"

"எப்படி இருந்தாலும்ங்க."

"நடுவுல மனசு மாறி, தொடுங்கன்னு நீங்களே சொல்லோணும்னு நெனச்சா?"

"மாறாதுங்க."

"அப்பத்தான் வாய் வராதுங்களே."

"மாறவே மாறாதுங்க தாயி!"

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று தாயி மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பொங்கியண்ணன் மட்டும் தலையாட்டியதோடு நிற்காமல், எரியும் கற்பூரத்தை அணைப்பது போல் உள்ளங்கையில் அடித்துச் சத்தியமே செய்தார். இவ்வளவு பெரிய காரியத்தில் தனக்கும் பங்கு இருப்பதில் அவருக்கு முகம் மலர்ந்திருந்தது.

*

பிறகு பல மத்தியானங்கள் வெறுமனே போயின.

வரிசை எழும். தாயியின் கை தொடங்கிவைத்த தொடுகை விரல் விரலாகக் கூடத்தைக் கடந்து வரும். பொங்கியண்ணனோடு நின்றுவிடும். சென்னியப்பன் தானாக விழித்து, எல்லோரும் போய்விட்ட கூடத்தில் தனியாக எழுந்து உட்காருவார். வெயில் சன்னல் வழியாகத் தரையில் விழுந்திருக்கும். கடலைக்காட்டில் பேச்சும் சிரிப்பும் கேட்கும். தன்னை யாரும் எழுப்பாமல் எழுவது ஒரு மாதிரி இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரூர் போகிறவன் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஒரு நாள் பருப்புஞ்சோறு. உண்ட மயக்கத்தில் படுத்தார்.

வந்துவிட்டான்.

கண் தெரிந்தது. விட்டம் தெரிந்தது. நெஞ்சில் பாரம் ஏறி உட்கார்ந்தது. சென்னியப்பன் பயப்படவில்லை. வாப்பா, உனக்காகத்தான் கிடக்கிறேன் என்று மனதுக்குள் சொன்னார். காதில் அந்தச் சத்தம் எழுந்தது. உடம்பு லேசானது. எழுந்தார்.

குருவிக்கூடு வந்தது. இந்தத் தரம் ஞாபகமாக எட்டிப் பார்த்தார். மூன்று குஞ்சுகள், வாயைத் திறந்துகொண்டு. கூரை ஓட்டைக் கடந்தார். கடலைக்காடு கீழே போனது. ரோடு போனது. எப்படிப் போனார் என்று தெரியாது. ஒரு தெரு, வேப்பமரம், ஒரு வீடு, நீல நிறக் கேட்டு. இதுதான் என்று தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்தது. உள்ளே ஒரு குழந்தை எதையோ தட்டித் தட்டி விளையாடும் சத்தம்.

கேட்டைத் தாண்ட ஒரு எட்டுத்தான். திறக்கக்கூட வேண்டியதில்லை. சூட்சும உடம்புக்குக் கேட்டு என்ன, சுவர் என்ன?

அவர் நின்றுவிட்டார்.

வராதீங்க என்று சொல்லியிருக்கிறாளே.

உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாலும் அந்தச் சொல் கூடவே வந்திருந்தது. சென்னியப்பன் வேப்பமர நிழலில், இல்லாத கால்களோடு, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மாதிரியே நின்றார். உள்ளே தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவோ ஆசையாக இருந்தது. ஒரு எட்டு வைக்க முடியவில்லை.

பொத்தென்று விழுந்தார்.

*

விழுந்தது உடம்புக்குள். ஆனால் உடம்பு திறக்கவில்லை.

கையை அசைக்கப் பார்த்தார். கை மரக்கட்டையாகக் கிடந்தது. நெஞ்சின் மேல் பாரம் அப்படியே இருந்தது. இப்போது அது வாசப்படி மாதிரி இல்லை, அம்மிக்கல் மாதிரி இருந்தது. மூச்சு நூலாக ஓடியது. பழைய பயம், சின்ன வயதுப் பயம், அப்படியே திரும்பி வந்தது.

அப்போது வரிசை எழத் தொடங்கியது.

அவருக்குக் காது கேட்டது. முதல் ஆள் எழுந்து கொட்டாவி விடுகிறார். பாய் சரசரக்கிறது. அடுத்த ஆள். அடுத்த ஆள். தொடுகை நெருங்கி நெருங்கி வருகிறது. இதோ பொங்கியண்ணனின் குறட்டை நின்றது. எழுந்து உட்கார்ந்தார். இனி ஒரு கை தூரம்தான்.

தொடுடா, என்று சென்னியப்பன் உள்ளேயிருந்து கத்தினார். பொங்கி, தொடுடா!

பொங்கியண்ணனின் கை பழக்கத்தில் நீண்டது. கட்டைவிரலுக்கு மேலே காற்று அசைந்ததுகூட அவருக்குத் தெரிந்தது.

கை பின்வாங்கியது.

"ஐயோ, மறந்துட்டனே! நல்லவேளை" என்றார் பொங்கியண்ணன்.

பிறகு குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். கண் பாதி திறந்திருந்தது. கருவிழி நடுங்கியது.

"ஏனுங்க, எல்லாரும் வாங்க! கிளம்பிட்டாருங்க! ஆளு கிளம்பிட்டாரு!"

எல்லோரும் கூடிவிட்டார்கள். கிட்டே வராமல், வட்டமாக, பயபக்தியோடு உட்கார்ந்தார்கள். யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். சமையல்கட்டிலிருந்து ராக்கியம்மா ஈரக்கையோடு வந்து கும்பிட்டார்.

"இந்நேரம் எங்க போயிருப்பாருங்க?"

"காங்கயம் தாண்டியிருப்பாரு" என்றார் பொங்கியண்ணன்.

"அதுக்குள்ளயா?"

"சூட்சும உடம்புக்கு டிராபிக் கிடையாதுங்க."

சென்னியப்பன் அவர்களுக்கு நடுவில் கிடந்தார். எல்லோரையும் பார்க்க முடிந்தது. எல்லோருக்கும் அவர் மேல் எவ்வளவு பிரியம் என்பதும் தெரிந்தது. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்து நடந்தது. அதை விரட்டக்கூட யாரும் கை நீட்டவில்லை. அவ்வளவு மரியாதை.

ஒருத்தராவது தொடுங்களேன். ஒரே ஒரு விரல் போதுமே. தொட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், தெரியாமல் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாமல் தொடுங்களேன்.

கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் இறங்கியது.

"கண்ணுல தண்ணி வருதுங்க" என்றார் ராக்கியம்மா. "தொடச்சு உட்டுரட்டுமா?"

"தொடாதீங்க!" என்று பொங்கியண்ணன் தடுத்தார். "அது பேரானந்தக் கண்ணீரு. பேரனைப் பாத்துட்டாரு."

ராக்கியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் கண்ணை.

வாசலில் நிழல் விழுந்தது. கொட்டகையிலிருந்து தாயி வந்தார். கையில் சாணி வாசம்.

"என்னாச்சு?"

"கரூர் போயிட்டாருங்க தாயி. நாங்க யாரும் தொடலைங்க. வாக்கு வாக்குத்தான்."

தாயி வட்டத்துக்குள் வந்தார். அந்த முகத்தைப் பார்த்தார். காதில் தேங்கியிருந்த நீரைப் பார்த்தார். கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தாயி, வேண்டாம்ங்க, கயிறு அந்துரும்!" என்றார் பொங்கியண்ணன்.

தாயி சென்னியப்பனின் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். சொடக் என்று நெட்டி முறிந்தது.

*

சென்னியப்பன் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஈ பறந்தது.

உடம்பெல்லாம் வேர்வை. கையை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் கோபம் வந்தது.

"இவ்வளவு நேரமா?"

சுற்றி இருந்தவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

"இவ்வளவு நேரமாங்க தாயி? இத்தனை பேரு சுத்தி உக்காந்திருக்கறீங்க. ஒருத்தருக்குக்கூடக் கை வரலையா?"

"நீங்கதானுங்களே தொட வேண்டாம்னீங்க" என்றார் தாயி.

"சொன்னனுங்க! அதுக்காக?" அவருக்கு மூச்சு இரைத்தது. "அதுக்காக அப்படியே உட்டுர்றதா? சொன்னவன் சொல்லிட்டான், அவன் கெடக்கட்டும்னு ஊதுபத்தி கொளுத்தி வெச்சுட்டு உக்காந்துக்கறதா? கண்ணுல தண்ணி வந்துச்சே, பாத்தீங்கல்ல? வாய்ல ஆயிரம் சொல்லுவான் மனுசன். உள்ள கெடந்து எப்படித் துடிக்கிறான்னு..."

வாய் திறந்தபடியே நின்றது.

கூடத்தில் ஊதுபத்திப் புகை நேராக மேலே போனது. விட்டத்தில் குருவி வந்து உட்கார்ந்தது. குஞ்சுகள் கத்தின.

தாயி எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே வரிசையாகக் கிடந்த செருப்புகளில் சென்னியப்பனுடையது கூடத்தைப் பார்த்துக் கிடந்தது. அதை எடுத்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு கன்றுக்குட்டி கத்துகிறது என்று கொட்டகைக்குப் போய்விட்டார்.

பொங்கியண்ணன் மெல்ல நகர்ந்து வந்தார்.

"ஏப்பா, கரூர் போனியா? பாத்தியா?"

"நீலக் கேட்டு வரைக்கும் போனேன்" என்றார் சென்னியப்பன். துண்டை உதறித் தோளில் போட்டார். "பஸ் எத்தனை மணிக்குப்பா?"

*

மறுநாள் காலையில் கரூரில் இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் எப்போதும் திரும்பும் இடம் ஒன்று உண்டு, பழக்கடை ஓரம். அங்கே கால் கொஞ்சம் தயங்கியது. ஆரஞ்சு வாங்குகிற சாக்கில் நின்றார். வாங்கிக்கொண்டு நடந்தார்.

உறவுக்காரர் ஒருவர் எப்போதோ சொன்ன தெருப்பெயரை வைத்து வழி கேட்டுக் கேட்டுப் போனார். வேப்பமரம் ஒன்றும் இல்லை. கேட்டு பச்சை நிறத்தில் இருந்தது.

பொங்கியண்ணனிடம் இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். பாவம், வருத்தப்படுவான்.

உள்ளே ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அது மட்டும் நிஜம்.

கேட்டின் மேல் கையை வைத்தார். இரும்பு வெயிலில் காய்ந்து சுட்டது. சுட்டது நன்றாகத்தான் இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவள் கோகிலவாணி. கையில் மாவு. தலையை வாராமல் அள்ளி முடிந்திருந்தாள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் எட்டிப் பார்த்தான். கையில் கரண்டியும் தட்டும். சென்னியப்பனின் மூக்கு அப்படியே அவன் முகத்தில் இருந்தது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஆரஞ்சுப் பையைப் பார்த்தாள். மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள்.

"வராதீங்கன்னு சொன்னனில்லைங்கப்பா?"

"சொன்னே, கண்ணு."

மாவுக்கையை நீட்டி அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

"அதுக்காக நாலு வருசமா?"